ஆட்டு வழக்கில் நான் தீர்ப்பை மாற்றியது

நயினார்கோவிலுக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில் ஆங்கில இலக்கியத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவன் நான். ஊர்க்கூட்டத்தின் தலைமை தந்தைக்குப் பின் எனக்கு வந்தது. எண்பதுகளில் அந்த ஆட்டு வழக்கு வரும்வரை, நான் சொன்ன தீர்ப்பு எதுவும் மறுபடி பேசப்பட்டதில்லை.

ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவரின் செம்மறிகள், எனக்குத் தம்பி முறையாகும் பங்காளியின் பருத்திக்காட்டில் இறங்கிச் செடிகளில் ஓர் இலை விடாமல் மேய்ந்துவிட்டன. பத்துச் சினையாடுகளைப் பருத்திக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தேன். கீதாரி வெள்ளிக்கிழமைவரை தவணை கேட்டார், கொடுத்தேன்.

புதன்கிழமை பிற்பகல், இராமநாதபுரம் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஆங்கில நூலைப் படித்துக்கொண்டிருந்தேன். அயர்லாந்தின் பழங்கால அரசர்களைப் பற்றி இடைக்காலத் துறவிகள் எழுதிவைத்த கதைகள் அவை. ஒரு கதையில், அரசி சாயத்துக்காக வளர்த்த செடிகளை ஒருத்தியின் ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன. ஆடுகள் இனி அரசிக்கே சொந்தம் என்கிறான் அரசன். அவையில் ஒருவன் மறுக்கிறான்: இலை மீண்டும் துளிர்க்கும், உரோமமும் மீண்டும் வளரும், ஆகவே இலைக்கு உரோமமே ஈடு. தவறான தீர்ப்பு சொல்லப்பட்ட அரண்மனையின் ஒரு பக்கம் அப்போதே சரிந்தது. அரசன் ஆட்சியை இழந்தான்.

அந்தப் பக்கத்தை இருமுறை படித்தேன். நான் சொன்னதும் அந்த அரசன் சொன்னதும் ஒன்றுதான். சொன்னதை மாற்றினால் இனி என் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யோசித்தேன். தவறு என்று தெரிந்த பின்னும் அந்த ஆடுகளை ஓட்டிச்செல்ல விடுவது அதைவிட இழிவு என்று பட்டது.

வெள்ளியன்று காலை கூட்டத்தில் கதையை முழுவதும் சொல்லி, என் முந்தைய தீர்ப்பு தவறு என்றேன். பருத்திக்காரர் எழுந்தார்.

"ஏண்ணே, அந்த ராசா எம் பிஞ்சைய வந்து பாத்தாராக்கும்?"

சிரிப்பு அடங்குமுன், கூட்டத்துக்கு வெளியே நின்ற கீதாரியின் மனைவி கேட்டார். "அய்யா, நம்ம ஆட்டுல வெட்டி எடுக்க மயிரு எங்கன இருக்கு?"

நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்துச் செம்மறிக்கு உள்ளது குறுமயிர்தான். நூலில் இதற்கு விடை இல்லை.

"புழுக்கை இருக்குல்ல," என்றேன். "பருத்தி தானாத் துளிர்க்கும். அறுப்பு முடிஞ்ச இவன் வயல்ல கூலி வாங்காம கிடை போடுங்க."

இரவில் ஆடுகளை வயலில் அடைத்து எருவிடுவதே கிடை. வழக்கமாக அதற்கு வயற்காரர் கூலி கொடுப்பார். ஒரு மாதம் என்றேன். அது போதாது என்று பருத்திக்காரர் வாதாடினார். நாற்பது இரவுகளுக்கு ஒப்புக்கொண்டார். பத்து ஆடுகளும் கீதாரியிடமே இருந்தன.

அரண்மனை சரிந்த கதையைப் படித்து, என் மாடி வீடும் சரிந்துவிடும் என்று பயந்து நான் தீர்ப்பை மாற்றியதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அந்த வீட்டை நான் கட்டியது நான்கு ஆண்டுகள் கழித்து.