அக்கா வாங்கித் தந்த கையெழுத்துகள்

என் அக்காவுக்குச் சங்கத்தில் 'வெளியாள்' என்று பட்டப்பெயர். ஆரம்பித்த நாளிலிருந்து உள்ளேயே உட்கார்ந்திருப்பவளுக்கு அப்படி ஒரு பெயரை வைத்தவர் தலைவர்தான். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

சங்கம் என்றதும் கொடி, கோஷம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆராய்ச்சி இதழ் நடத்தும் சின்னச் சின்னப் பதிப்பாளர்களின் சங்கம் அது. கட்டுரையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்க வேண்டும், எழுதினவரின் உரிமை எழுதினவரிடமே இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளும் இதழ்களுக்குச் சங்கம் ஒரு முத்திரை கொடுக்கும். முத்திரையை வாங்கிக்கொண்டு அப்புறம் யாராவது தில்லுமுல்லு செய்கிறார்களா என்று பார்ப்பது அக்காவின் வேலை.

அந்த வேலையை அவள் சங்கத்துக் கம்ப்யூட்டரில் செய்யவே மாட்டாள். "அது வீட்டு நாய் மாதிரிடி. நம்மளைப் பார்த்தா குரைக்காது" என்பாள். எல்லா இதழும் சங்கத்துக் கம்ப்யூட்டரை அடையாளம் கண்டு தானே கதவைத் திறந்துவிடுமாம். அதனால் தினமும் காலையில் படியிறங்கி, அதே கட்டடத்தின் கீழே இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வருவாள். என் கம்ப்யூட்டருக்கு யாரையும் தெரியாது. அதில் முன்பின் தெரியாத வெளியாள்போல ஒவ்வொரு இதழாகத் தட்டிப் பார்ப்பாள். ஏதாவது ஒன்று கடவுச்சொல் கேட்டால் அந்த ஆசிரியருக்கு உடனே போன் போகும்.

"சார், உங்க கதவு சாத்தியிருக்கு. காத்துல சாத்திக்கிச்சா, நீங்களே சாத்துனீங்களா?"

பின்னால் நகலெடுக்க வந்தவர்கள் காகிதத்தைப் பிடித்தபடி நிற்பார்கள். "இது கடையா இல்ல உங்க சங்கத்தோட கிளையா?" என்று நான் கத்துவேன். அவள் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். காற்றில் சாத்தியவர்கள் அன்றைக்கே திறந்துவிடுவார்கள். வேண்டுமென்றே சாத்தியவர்கள் முத்திரையை இழப்பார்கள். அதில் அக்காவிடம் தயவு தாட்சண்யமே கிடையாது.

தலைவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் அறுவை சிகிச்சை டாக்டர். தீக்காய சிகிச்சைக்கென்று சொந்தமாக ஓர் இதழ் நடத்தினார். அவருடைய ஆஸ்பத்திரியில் வார்டு குமாஸ்தாவாக இருந்த அக்காவைக் கூட்டிவந்து, இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். அக்கா அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அவர்தான் நாள் முழுக்கக் கூடவே நின்றார். மோசமான ஆளாகவே இருந்து தொலைத்திருந்தால் இப்போது எனக்கு இப்படி வயிறு எரியாது.

அந்த இதழில் டாக்டர்கள்தான் எழுதுவார்கள். வெந்த உடம்பைத் தொட்டுத் துடைத்துக் கட்டு மாற்றுகிற செவிலியர்கள் யாரும் எழுதியதில்லை. அவர்கள் எழுதினதை வைத்தே ஒரு சிறப்பிதழ் போட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. தலைவர் சரி என்றார். அதற்கப்புறம் அக்கா ஊர் ஊராகப் போன் போட்டுக் கெஞ்சினாள், கொஞ்சினாள், மிரட்டினாள். மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. அழுகிற குழந்தைக்கு வலி தெரியாமல் கட்டுப் பிரிப்பதில் கெட்டிக்காரி என்று அவளுக்குப் பேர்.

"எனக்குக் கட்டுப் போடத்தான் வரும் அக்கா. எழுத வராது."

"நீ பேசும்மா. உன் வார்டுல நின்னுக்கிட்டு எப்படிச் சொல்லுவியோ அப்படிப் பேசி அனுப்பு. வாக்கியத்தை நான் சரிபண்ணிக்கிறேன்."

பேசி அனுப்பினாள். பின்னணியில் குழந்தை அழுகிற சத்தம், அதற்கு இவள் கதை சொல்கிற சத்தம் எல்லாம் சேர்ந்தே வந்தது. என் கடையில் உட்கார்ந்துதான் அக்கா அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எல்லாக் கட்டுரையும் வந்து சேர்ந்து, மற்ற செவிலியர்கள் படித்துப் பார்த்துத் திருத்தமும் சொல்லி முடிந்த பிறகு, ஒரு நாள் தலைவர் என் கடைக்கே இறங்கி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த ஒரு இதழுக்கு மட்டும் உரிமையை நம்ம பேருக்கு எழுதி வாங்கிடலாம்மா" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அது நம்ம விதிக்கே விரோதமாச்சே அண்ணா."

"தெரியாமலா பேசறேன்? கட்டுரைகளைத் திருடி எவனோ புத்தகம் போட்டு விக்கிறான். தனித்தனியா இந்தப் பொண்ணுங்க கோர்ட்டுக்கு அலைவாங்களா? உரிமை நம்ம கையில இருந்தா நாம கேள்வி கேக்கலாம். அவங்களைக் காப்பாத்தத்தான் சொல்றேன். நான் இருக்கற வரைக்கும் இதுல பூட்டு விழுமா? நீயே சொல்லு."

வேறு எந்த ஆசிரியராவது இப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்கே அக்கா முத்திரையைப் பிடுங்கியிருப்பாள். கேட்டது அண்ணனாயிற்றே. மறுநாளே ஒவ்வொருத்திக்கும் போன் போட்டாள். சிலர் யோசித்தார்கள், ஒருத்தி தன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்றாள். "நான் சொல்றேன்ல, கையெழுத்துப் போடும்மா" என்றாள் அக்கா. போட்டார்கள். மலை நர்ஸ் எதைப் பற்றி என்றுகூடக் கேட்காமல் போட்டு அனுப்பினாள்.

சிறப்பிதழ் வெளியான அன்று அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கடைக்கு வந்துவிட்டாள். நான் ஷட்டரைத் தூக்கி முடிக்கும் முன்பே உள்ளே நுழைந்தாள். தட்டினாள். அட்டை வந்தது, தலைப்புகள் வந்தன, பேர்கள் வந்தன. மலை நர்ஸின் பேர்மேல் அழுத்தினாள். கடவுச்சொல் கேட்டது.

"உன் மெஷின்ல ஏதோ கோளாறு" என்றாள் என்னிடம்.

மறுபடி அழுத்தினாள். கீழே ஒரு பெரிய நிறுவனத்தின் பேர் இருந்தது. உலகத்து ஆராய்ச்சியெல்லாம் வாங்கிப் பூட்டி வைக்கும் நிறுவனம் அது, சங்கம் ஆரம்பித்ததே அந்த மாதிரி ஆட்களை எதிர்த்துத்தான். அப்போதும் அக்கா நம்பவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, அண்ணனுக்குத் தெரிந்தால் துடித்துப் போவார் என்று அவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வைத்த உடனே மலை நர்ஸ் கூப்பிட்டாள்.

"அக்கா, வார்டுல எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கறாங்க. ஏதோ பாஸ்வேர்டு கேக்குது. நான் தப்பா அழுத்துறேனா?"

"இல்லம்மா. கொஞ்சம் பொறு. கேட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா.

அந்த வாரமே சங்கத்தின் பொதுக்குழு. கூட்டத்துக்கான காகிதங்களைக் கட்டுக் கட்டாக நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் பின்வரிசையில் நின்றுகொண்டேன். தன் இதழை அந்த நிறுவனத்துக்கு விற்றதைப் பற்றித் தலைவர் தேன் ஒழுகப் பேசினார். சின்னச் சங்கத்துக்குப் பெரிய இடத்தின் ஆதரவு கிடைத்திருக்கிறதாம். இரண்டு வருடம் பூட்டி வைத்து அப்புறம் திறந்தாலும் அது திறந்த இதழ்தான் என்று விதியை மாற்றப் போகிறார்களாம். அடுத்து நம் இதழையும் விற்கலாம் என்ற நினைப்பு ஒவ்வொருத்தர் முகத்திலும் தெரிந்தது. வேலியே பயிரை மேய்கிறது, பயிர் ஆவென்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

அக்கா எழுந்தாள். "வெந்துபோய் வர்ற குழந்தை ரெண்டு வருஷம் காத்துக்கிட்டு இருக்குமா அண்ணா?"

"உணர்ச்சிவசப்படாதேம்மா" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை, அதே பழைய பாசம். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். "இத்தனை செவிலியரும் உரிமையை எழுதிக் கொடுத்தது இவங்களோட ஒரு வார்த்தைக்காக. இவங்க இல்லேன்னா இந்த ஒப்பந்தமே கிடையாது. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். அக்கா கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ அவள் தோளில் தட்டிக் கொடுத்தார்கள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அறுத்துவிட்டுக் கை தட்டச் சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வேலையை விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் கடைக்கு வந்தபோது கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றேன்.

"எல்லாருக்கும். நான் வாங்குன கையெழுத்து. நானே சொல்லணும்."

முதலில் மலை நர்ஸ்.

"பாஸ்வேர்டு கிடைச்சுதா அக்கா?"

"கிடைக்காதும்மா. வித்துட்டாங்க. நீ எழுதினதை இனிமே நீயே காசு குடுத்துத்தான் படிக்கணும். உரிமை உன்கிட்ட இல்ல. நான்தான் உன்னைப் போடச் சொன்னேன்."

மலை நர்ஸ் திட்டப் போகிறாள், அக்கா வாங்கிக்கொள்ளட்டும், ஆற்றாமையாவது கொஞ்சம் குறையும் என்று நான் நினைத்தேன்.

"அழாதீங்க அக்கா" என்றாள் அவள். "நீங்க பாத்துக்குவீங்க. இதைச் சரிபண்ண இன்னொரு பேப்பர்ல கையெழுத்து வேணும்னா இப்பவே அனுப்புங்க, போட்டுத் தர்றேன்."

"வேண்டாம்மா. இனிமே நானே வந்து கேட்டாலும் போடாதே."

அவள் சிரித்தாள். "என்னக்கா பேச்சு இது? உங்களை நம்பாம நான் வேற யாரை நம்பறது?"

அக்கா போனை என் கையில் கொடுத்தாள். ஊரையே வாயால் அளக்கிறவள் நான், "அக்கா அப்புறம் கூப்பிடுவா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.