அரிசி வாளிக்குள் தாலிக்கொடி

சனிக்கிழமை காலை ஆறு நாற்பது. அரிசி வாளிக்குள் அளக்கும் பேணியை இறக்கியபோது முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் துணியின் முனை. இழுத்தேன். உள்ளே என் தாலிக்கொடி இருந்தது.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஸ்கானுக்காக அதைக் கழற்றி, பதிலுக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கழற்றியதை எங்கே வைத்தேன் என்று பிறகு நினைவு வரவேயில்லை. ஊரில் ஆமி வீடு வீடாகச் சோதிக்க வந்த நாட்களில் நகையை அரிசிக்கு அடியில்தான் புதைப்போம். ஸ்கான் பயத்தில் கை பழைய வேலையைத் தானாகவே செய்திருக்கிறது.

அதற்குள் மச்சாள், என் கணவரின் அக்கா, எடுத்த ஆளைத் தீர்மானித்துவிட்டார். எங்கள் கிங்ஸ்பரி வீட்டைத் துப்புரவாக்க வாரத்தில் இரண்டு நாள் வரும் சிங்களப் பெண். அவளுக்கு இந்த நாட்டு விசா முடிந்து ஒரு வருடம். வியாழக்கிழமை சமையலறையில் வைத்து மச்சாள் அவளிடம் சொன்னார்:

“சனி பின்னேரம் நாலு மணிக்குள்ள கொடி வரவேணும். இல்லாட்டி பொலீசுக்குப் போன் அடிப்பன்.”

“நான் எடுக்க இல்லை அக்கா.” அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“நீர் பேசாம இரும்,” என்றார் மச்சாள் என்னிடம். இருந்தேன்.

இப்போது கொடி என் கையில். பொலீஸ் வந்தால் அவளை நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள். மச்சாளின் நம்பரை அழுத்தினேன். மணி அடிக்கும் முன்பே நிறுத்தினேன். அவள்தான் எடுத்தாள் என்று கோயிலில் ஐந்து பெண்களுக்காவது நானே சொல்லியிருந்தேன். கொடியைத் துணியோடு கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினேன்.

ஒரு மணிக்கு டூட்டிங்கில் ஒரு மண்டபத்தில் பழைய சிங்களப் படம் காட்டினார்கள். கொடி தொலையும் முன்பே அவள் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தாள். வீட்டில் இருக்க முடியாமல் போனேன். அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அவளுடைய காலடியில் ஒரு பயணப்பை.

“பொலீஸ் வருமா அக்கா?”

“படத்தைப் பார்,” என்றேன்.

கறுப்பு வெள்ளைப் படம். பெரிய வீட்டு ஐயா ஒருவர் காரால் ஆளை மோதிக் கொல்கிறார். பழி சாரதியின் மேல் விழுகிறது. நீதிமன்றத்தில் சாரதி கூண்டில் நிற்க, ஐயா வெள்ளை உடுப்போடு முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பின்னால் இருந்த இரண்டு தமிழர் குசுகுசுத்தார்கள்.

“உண்மையைச் சொல்லுவான் எண்டுறியோ?”

“எங்க சொல்லுறது? வெள்ளை உடுப்பு ஊத்தையாப் போயிடும் அண்ணை.”

சிரித்தார்கள். சிப் மூடியிருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகத் தொட்டுப் பார்த்தேன்.

எழுந்து வெளியே போய் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். மணி இரண்டு ஐம்பது. பத்திரிகையில் நிருபராக இருந்த காலத்திலிருந்து நேரம் பார்க்காமல் நான் எதுவும் செய்வதில்லை.

“கொடி கிடைச்சிட்டுது மச்சாள். நான்தான் அரிசிக்குள்ள வைச்சனான்.”

மறுமுனையில் டீவி சத்தத்தைக் குறைத்தார்.

“எப்ப கிடைச்சது?”

“காலமை.”

“காலமையோ? நான் பன்னிரண்டு மணிக்கே பொலீசுக்கு அடிச்சிட்டன். அவளின்ர பேர், அவள் இருக்கிற பிளேஸ்டோ விலாசம் எல்லாம் குடுத்தாச்சு.”

“நாலு மணி எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“அதுக்குள்ள ஓடிடுவாள் எண்டு பயந்தனான். இப்ப எனக்கேன் கத்துறீர்?”

நான் கத்தியதை அப்போதுதான் அறிந்தேன். டிக்கெட் மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து அவள் காதருகே குனிந்து, கொடி கிடைத்ததையும் பொலீசுக்கு அவள் விலாசம் போனதையும் சொன்னேன். துணியை விரித்துக் காட்டினேன். திரையின் வெளிச்சத்தில் அவள் கொடியைப் பார்த்தாள், பிறகு என்னை.

“எப்ப அக்கா கிடைச்சது?”

“காலமை.”

அவள் பயணப்பையை எடுத்தாள். பின்னால் இருந்தவர்களுக்குப் படம் மறைக்காதபடி குனிந்து நடந்து போனாள். திரையில் ஐயா இன்னும் வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, அவளிடம் கொடுத்திருந்த எங்கள் வீட்டுச் சாவி தபாலில் வந்தது.