சுண்டுவின் நடுக்கம்

லாண்ட்ரியில் அவருக்கு ஆவி அண்ணன் என்று பெயர். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியின் நீராவிக்குள் நிற்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? துணி மடிக்கும் அக்காதான் அதை வைத்தவள். "ஆவி பேசினா நாமதான் பயந்துடுவோம். அதான் அண்ணன் வாயைத் திறக்கிறதில்ல" என்பாள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பேசுவதைவிடச் சுருக்கத்தை நீக்குவது அவருக்குச் சுலபம்.

மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் மிஞ்சியது அவரும் மகளும். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நடமாடினார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டுக்குள் மகள் ஒருநாள் தன் கைப்பையில் வைத்து ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள். டாய் டெரியர் இனம். வளர்ந்த பிறகும் அது இஸ்திரிப் பெட்டியைவிட எடை குறைவு. கறுப்பு உடம்பு, புருவத்திலும் காலிலும் பழுப்பு, கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைத்து நிற்கும் காதுகள். சுண்டுவிரல் அளவுக் குட்டி என்று சுண்டு ஆனான்.

உடம்புதான் சின்னது, வாய் தெருவுக்கே பெரியது. கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் எதிரே வந்தாலும் சுண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்குப் போவான். ஆவி அண்ணன் பின்னால் ஓடி அவனை அள்ளி எடுப்பார். "உன் சைசுக்கு உனக்கு ஏண்டா இந்த வம்பு? அவன் தும்முனா நீ பறந்துடுவே" என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வருவார். அப்பாவுக்கு இவ்வளவு பேச வருமா என்று மகள் அசந்துபோவாள்.

பிறகு மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, சுண்டுவை இறக்கி வைக்க மனமில்லாமல் சொன்னாள்:

"கழுத்துல வார் கட்டாதப்பா. அவன் மூச்சுக்குழாய் ஸ்ட்ரா மாதிரி. நெஞ்சைச் சுத்தித்தான் கட்டணும். கட்டில்லேருந்து குதிக்க விடாத, கால் முறிஞ்சிடும். குட்டி வாய், பல்லெல்லாம் நெருக்கிட்டு நிக்குது, தெனம் தேய்ச்சு விடு. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடு, பட்டினி தாங்க மாட்டான். நடுங்குனா என்ன ஏதுன்னு பாரு."

"குளிரும்னு சொல்லு."

"குளிராவும் இருக்கலாம்ப்பா."

அந்த 'இருக்கலாம்' அவர் காதில் விழவில்லை. குளிர் என்றால் அவருக்குப் பயமில்லை. சூடுதான் அவர் தொழில்.

யாரும் வாங்க வராத ஒரு கோட்டின் உள்துணியை வெட்டி அவனுக்குச் சட்டை தைத்தார். லாண்ட்ரிக்கே கூட்டிவந்து, இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் துணிக்கூடையில் படுக்க வைத்தார். இந்த வகை நாய் எதற்கெடுத்தாலும் நடுங்கும். கோபம் வந்தால், ஆசை வந்தால், கதவு தட்டப்பட்டால்கூட. சுண்டு நடுங்கும்போதெல்லாம் அவர் ஒரு துண்டை எடுத்துத் தேய்த்து, சூடு தன் கன்னத்துக்கு இதமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவனைச் சுற்றிவிடுவார். சற்று நேரத்தில் அடங்கித் தூங்கிவிடுவான்.

"பெத்த பிள்ளைக்குக்கூட இப்படித் தேய்ச்சுக் குடுத்திருக்க மாட்டீங்க" என்றாள் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நகர்த்த மறந்து ஒரே இடத்தில் சற்று நேரம் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாப்டாச்சா?"

"ஆச்சும்மா. பாதி முட்டை, கொஞ்சம் கோழி. கேரட்டைத் துப்பிட்டான் படவா." அங்கே மகள் சிரிப்பாள். இங்கே அவரும் சிரிப்பார். சுண்டு இல்லாவிட்டால் அந்த போனில் பேச இரண்டு பேருக்கும் எதுவும் இருந்திருக்காது.

ஒரு நாள், ஏதோ ஓர் ஓட்டலில் சலவை இயந்திரம் பழுதாகி, அவர்களுடைய படுக்கை விரிப்புகளெல்லாம் மலையாக வந்து குவிந்தன. காலையில் சுண்டு தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். பின்பல் ஓரத்தில் ஈறு வீங்கியிருந்தது. பல் தேய்ப்பதில் அவர் கொஞ்ச நாளாக அசட்டையாக இருந்தார். அப்புறம் தின்பான் என்று கூடையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

மதியம் சுண்டு நடுங்கினான். அவர் துண்டைத் தேய்த்துச் சுற்றினார்.

"அண்ணே, அவன் ஏதாச்சும் தின்னானா?" என்று கேட்டாள் அக்கா.

"குளிரும்மா. இதோ பாரு, சூடு பட்டதும் அடங்கிட்டான்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த விரிப்பை முடித்துவிட்டுக் குனிந்து தூக்கியபோது, சுண்டுவின் தலை நனைந்த துணிபோல அவர் மணிக்கட்டில் தொங்கியது.

கால்நடை மருத்துவமனைக்கு ஓடினார். பெண் மருத்துவர் நெடுநேரம் போராடினாள். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நடுக்கம் சூட்டால நிக்கலைங்க. நடுங்கக்கூடத் தெம்பில்லாமப் போச்சு. பசியில ரத்தத்துல சர்க்கரை எறங்கிடுச்சு. ஈறுல கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி தடவியிருந்தா..." அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் துண்டை இழுத்துச் சுண்டுவின் முகத்தை மூடினாள்.

லாண்ட்ரிக்குக் கூடையை எடுக்கத் திரும்பினார். மேசை ஓரத்தில், மதியம் அவர் குடித்த தேநீர் டம்ளர் அப்படியே இருந்தது. அடியில் கரையாத சர்க்கரை. கூடைக்கும் அதற்கும் ஒரு கை தூரம். அக்கா டம்ளரைச் சட்டென்று எடுத்துத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. மகளிடம் எப்படிச் சொல்வது? அந்த ஒரு கயிறும் அறுந்துவிட்டால் அவள் இனி எதற்காகப் பேசுவாள்? போன் அடித்தது.

"சாப்டாச்சா?"

"ஆச்சும்மா" என்றார். "பாதி முட்டை..."

"ஐயோ அப்பா! எப்பக் கேட்டாலும் அவன் சாப்பாட்டையே சொல்றியே. நான் உன்னைத்தான் கேக்குறேன். எப்பவும் உன்னைத்தான் கேட்டேன்."

அவர் சுவரில் சாய்ந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சுண்டு இல்லம்மா" என்றார். "பசியில நடுங்கியிருக்கான். நான் குளிருன்னு போத்தி விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அவர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. அழுகை ஓய்ந்து ஓய்ந்து மறுபடி வந்தது. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"நீ சாப்டியாப்பா?"

"இல்லம்மா" என்றார் அவர்.