பச்சப்புள்ளை வயித்துக்கு மாடு மாத்தினவரு

மருந்துக்கடையில நிக்கறவனுக்கு வர்ற சீக்கெல்லாம் அடுத்தவனுதுங்க, ஆனா அதைக் கேட்டுக் கேட்டு வர்ற வயித்துப் பொரட்டல் மட்டும் சொந்தமுங்க.

எழுவதுகள்ல நான் மலையாளத்து எல்லையில இருக்கற வேலந்தாவளத்துல ஒரு மருந்துக்கடையில நின்னேன். படிப்புன்னா, பாட்டலு மேல இருக்கற பேரை எழுத்துக் கூட்டிப் படிக்கற அளவுக்குத்தான். மத்ததெல்லாம் வாய்தான். வர்ற ஆளு மாதிரியே பேசிக் காட்டுவேன். மொதலாளி மாதிரிப் பேசி, அவரு பின்னால நிக்கறது தெரியாம ஏச்சும் வாங்கியிருக்கறேன்.

அங்க வாரத்துக்கொருக்கா மாட்டுச்சந்தை கூடும். அன்னிக்கு ஊட்டுக்காரிக எல்லாம் சந்தைக்குப் போற புருசன்கிட்ட, "புள்ளைக்கு வயிறு செரியில்ல, அப்படியே மருந்துக்கடையில கேட்டுட்டு வாங்க"ன்னு சொல்லி உட்ருவாங்க. மாட்டோட பல்லைப் பாத்து வயசு சொல்ற மனுசன், சொந்தப் புள்ளைக்கு என்னன்னு சொல்லத் தெரியாம என்ற முன்னால வந்து நின்னு முழிப்பான். கைக்கொழந்தை இருக்கற ஊட்டுல ஒரு மாசம் குடியிருந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். அங்க காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் பேச்சு ஒண்ணேதானுங்க: போச்சா, போகலியா, போனா என்ன நெறம்?

எலைப் பொட்டணம்

ஒரு சந்தை நாளு, மத்தியானம். மொதலாளி எதுத்த கடையில வடை சொல்லி உட்டுட்டு, வருமா வருமான்னு வாசலையே பாத்துட்டு ஒக்காந்திருந்தாரு. அப்பப் பாத்து ஒரு ஆளு வந்து, வாழை எலையில மடிச்சு நாரு போட்டுக் கட்டின பொட்டணம் ஒண்ணை மேசை மேல வெச்சான். மொதலாளி "அட, சூடாவே இருக்குதே"ன்னு ஆசையா நாரை அவுத்தாரு.

உள்ள வடையில்லீங்க. கைக்கொழந்தைக்குக் கட்டின துணி. நல்லாப் புதினாத் தொவையலாட்டப் பச்சையா இருந்துச்சு. மொதலாளி மூஞ்சி அதைவிடப் பச்சையாயிருச்சு. எந்திரிச்சு பின்கட்டுக்கு ஓடினவரு அன்னிக்கெல்லாம் ஒரு வாய் திங்கலை. வந்த ஆளு துளி அசரோணுமே? என்னைப் பாத்துச் சொன்னான்: "வாயில சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதானுங்க காயறதுக்கு முந்தியே கட்டிக் கொண்டாந்தேன், நல்லா உத்துப் பாருங்கொ!"

மேசை மேல ஆன காரியம்

இன்னொருக்கா ஒரு குடும்பமே வண்டி கட்டிட்டு வந்து எறங்குச்சு. தாய்ப்பால் மட்டும் குடிக்கற கைக்கொழந்தை ஒண்ணு, ஒரு வாரமா வெளிய போகவே இல்லையாமா. புள்ளை என்னமோ கையைக் காலை ஆட்டிச் சிரிச்சுட்டுத்தான் கெடக்குது. பெரியவங்கதான் ஒருத்தருக்கும் சோறு எறங்கலை. சித்தூர் ஆசுபத்திரிக்குப் போற வழியில, வெளக்கெண்ணெய் குடுத்துப் பாக்கலாமான்னு கேக்க வந்தாங்க.

மொதலாளி, "எண்ணெயெல்லாம் வேண்டாம், இப்படிப் படுக்க வையுங்க, பாக்கலாம்"னாரு. நான் பேப்பரை விரிச்சேன். இவரு பெரிய டாக்டரு கணக்கா கண்ணை மூடிட்டு வயித்துல ரெண்டு வெரலை வெச்சு லேசா ஒரு அமுக்கு அமுக்கினாரு பாருங்க. ஒரு வாரத்துச் சரக்கும் ஒட்டுக்கா வந்துருச்சு. பேப்பரு, மேசை, மொதலாளியோட வெள்ளைச் சட்டை ஒண்ணும் பாக்கியில்லை. புள்ளை அப்பறமும் சிரிக்குது. வாசல்ல நின்ன வண்டிக்காரன் எட்டிப் பாத்துக் கேட்டான்: "அப்ப நான் வண்டியத் திருப்பிக்கட்டுங்களா?"

செல்லமுத்தண்ணன் போட்ட தீனி

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற சங்கதி. செல்லமுத்தண்ணன் ஊட்டு விசயம் அப்படி இல்லீங்க. வடகரப்பதிப் பக்கம் தோட்டம், கெணறு, கட்டுத்தரை நெறைய மாடுன்னு இருக்கறவரு. சம்சாரம் பேரு சரசு. மொதப் புள்ளை, பொண்ணு. புள்ளை பொறந்த சந்தோசத்துல, தாய்க்குப் பாலு ஊறோணும்னு புதுசா ஒரு செவலை மாட்டைச் சந்தையில புடிச்சாரு. மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும், மாட்டுப் பாலு சரசக்காவுக்கு. காலையில ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, பொழுதோட ஒரு சொம்பு. குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாராமா.

ஒரு மாசம் கழிஞ்சு புள்ளை காலை மடக்கிட்டு, வில்லாட்ட வளைஞ்சு அழுவ ஆரம்பிச்சுது. கிரைப் வாட்டரு வாங்கிட்டுப் போனாரு. கேக்கலை. அடுத்த சந்தைக்கு வந்தப்ப, சளி சளியாப் போவுது, அதுல ரத்தம் நூலாட்ட வருதுன்னாரு. மொதலாளி, "இதுக்கு எங்கிட்ட மருந்தில்ல, இப்பவே சித்தூருக்குப் போ"ன்னு தொரத்தினாரு.

அங்க இருந்த மலையாளத்து டாக்டரம்மா புள்ளையத் தூக்கி எடை போட்டுப் பாத்துட்டு, "முலப்பால் நிறுத்தருது, கேட்டோ! அம்மா கழிக்குந்நது எந்தோ குட்டிக்குப் பிடிக்குந்நில்லா"ன்னு சொல்லிச்சாமா. தாய்ப்பாலை நிறுத்தாதே, அம்மா திங்கறதுல ஏதோ ஒண்ணு புள்ளைக்கு ஆகலை, அது என்னன்னு பாருங்கன்னு அர்த்தம். ஆனா அண்ணனோட அம்மா அதைக் கேக்கலை. "இவ பாலே ஆகாத பாலு. பொங்கலுக்குள்ள செரியாகலீன்னா மாருல வேப்பெண்ணெயைத் தடவி மறக்கடிச்சுட்டு டப்பாப் பாலு போட்ருவேன்"னு நாளைக் குறிச்சுட்டாங்க. சரசக்கா முடியவே முடியாதுன்னுட்டாங்க. அண்ணன் எங்கிட்ட வந்து பெஞ்சுல ஒக்காந்து சொன்னாரு: "அந்தப் பக்கம் அம்மா இழுக்கறா, இந்தப் பக்கம் இவ இழுக்கறா, நான் நடுவால கட்டிப் போட்ட கெடாயாட்ட கத்தக்கூட முடியாம நிக்கறேன் தம்பி."

வாயைக் கட்டின படலம்

டாக்டரம்மா சொன்னது ஊருக்குள்ள பரவுச்சுங்க. அம்மா திங்கறதுல ஏதோ ஒண்ணாமா, அது எது? ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பக்கத்துத் தோட்டத்தம்மா கத்திரிக்காய்ன்னாங்க. நாத்தனாரு கடலைன்னாங்க. மாமியா வாழைக்காயும் மொச்சையும்னாங்க. வழியில போன வளையக்காரன் நின்னு மாங்காய்ன்னு சொல்லிட்டுப் போனானாமா. யாரு என்ன சொன்னாலும் அண்ணன் அன்னிக்கே நிறுத்திருவாரு. ஒவ்வொண்ணு நிறுத்தறப்பவும், ஐயோ பாவம் வயிறு காயுதேன்னு எச்சா ஒரு டம்ளரு பாலு.

ஒரு நாளு சரசக்காவே புள்ளையோட கடைக்கு வந்தாங்க. கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு. புள்ளை தோள்ல கெடந்து முனகுது. நான் சும்மா இருப்பனா, வளையக்காரன் மாதிரியே குரலை இழுத்து, "மாங்காயிதானுங்கோவ்!"னு பேசிக் காட்டினேன். பாவம், சிரிச்சுட்டாங்க. "ஏனுங்கக்கா, இப்ப என்னதான் திங்கறீங்க?"ன்னு கேட்டேன். "வெறுஞ்சோறும் பாலும்தான் தம்பி. இன்னும் நாலு சொந்தக்காரங்க வந்தாங்கன்னா சோத்தையும் நிறுத்திருவாங்க."

தரகருக்கு அடிச்ச யோகம்

திங்கற சாமானம் ஒண்ணும் பாக்கியில்லீன்னதும் அண்ணனுக்குச் சந்தேகம் மாட்டு மேல போச்சு. பாலு மேல இல்லீங்க, மாட்டு மேல! "செவலைப் பாலு சூடு தம்பி, அதான் புள்ளைக்கு ஆகலை"ன்னு, செவலையைக் கொண்டாந்து குடுத்துட்டு ஒரு காரி மாட்டைப் புடிச்சுட்டுப் போனாரு. அடுத்த சந்தைக்குக் காரி திரும்பி வந்துருச்சு. கறுப்பு மாட்டுப் பாலு பித்தமாமா. அதைக் குடுத்துட்டு ஒரு சீமை மாடு. அது பட்டணத்து மாடு, நம்ம புள்ளைக்கு எப்படி ஒத்துக்கும்னு அதையும் அடுத்த வாரம் ஓட்டிட்டு வந்துட்டாரு.

நீங்களே சொல்லுங்க, காய்ச்சலுக்கு மாத்திரை மாத்திப் பாத்திருப்பீங்க, டாக்டரை மாத்திப் பாத்திருப்பீங்க. வாராவாரம் மாட்டை மாத்திப் பாத்த ஆளைக் கண்டிருக்கறீங்களா? ஒவ்வொரு மாத்துக்கும் மாட்டுத் தரகரு ரெண்டு பக்கமும் காசு வாங்கிக்குவாரு. துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசி முடிச்சுட்டு, நம்ம கடைக்கு வந்து சோடாக் குடிச்சுட்டே சொன்னாரு: "இந்த மனுசன் இன்னும் ரெண்டு புள்ளை பெத்தாருன்னா நான் மாடி வெச்ச மெத்தை ஊடே கட்டிருவேன்!"

எக்கிக்கிட்ட மயிலை

நாலாவதா வாங்கினது சாம்பல் நெறத்துல ஒரு மயிலை மாடு. பாக்க லட்சணம், கொணத்துல எமன். கன்னு ஊட்டறப்ப பாலை உடும், மனுசன் சொம்பைத் தூக்கிட்டு வந்தான்னா எக்கிப் பாலை அடக்கிக்கும். மீறி மடியில கை வெச்சா உதைதான். அண்ணன் தொடையில லாடம் அடிச்ச மாதிரிக் காயம். மத்த மாடெல்லாம் சினையா இருந்துச்சு, கறவை நின்னு போச்சு. வெளிய பாலு வாங்கலாமுல்லன்னு நான் கேட்டதுக்கு, "என்ற கட்டுத்தரையில இத்தனை மாடு நிக்கறப்ப நான் சொம்பைத் தூக்கிட்டு அடுத்தவன் ஊட்டு வாசல்ல போயி நிக்கறதா?"ன்னு ரோசம்.

அப்பறம் கொஞ்ச நாளுக்கு ஆளையே காணோம். ஒரு சந்தையன்னிக்கு வந்தாரு பாருங்க, மூஞ்சியெல்லாம் பல்லு. புள்ளைக்கு ரத்தம் நின்னு போச்சாமா. சளியும் கொறைஞ்சு போச்சாமா. பாலைக் குடிச்சுட்டுப் பாட்டுக்குத் தூங்குதாமா. எனக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம். மாட்டுக்குக் கழுத்து மணியும் நெத்திக்குச் சலங்கையும் வாங்கிட்டுப் போனாரு. தொடையைத் தடவிட்டே சொன்னாரு: "அது மாடே இல்ல தம்பி, உதைக்கற மாரியாத்தா!"

டப்பாவைக் கீழ வெச்ச நேரம்

பொங்கலுக்கு முந்தின சந்தை. கடையில கூட்டம் நெரியுது. அண்ணனோட அம்மா வந்து மொதலாளிகிட்ட, "பால் டப்பா ஒண்ணும் புட்டி ஒண்ணும் எடுங்க"ன்னாங்க. வாசல்ல பாத்தா, சலங்கையும் மணியுமா மயிலை நிக்குது. கயித்தைப் புடிச்சுட்டு அண்ணன், தலையைத் தொங்கப் போட்டுட்டு. மயிலை பழகிக் கறக்க ஆரம்பிச்சுருச்சாமா. சரசக்கா மறுபடி சொம்பு சொம்பாக் குடிச்சாங்களாமா. நாலஞ்சு நாள்ல புள்ளைக்கு மறுக்கா ரத்தம். மாரியாத்தாளை மாத்தறதுக்கு ஓட்டிட்டு வந்திருக்கறாரு. தரகரு அதுக்குள்ள துண்டை ஒதறிட்டு வந்துட்டாரு.

பின்னாலயே புள்ளையைத் தூக்கிட்டு சரசக்கா வேகமா வந்தாங்க. வந்தவங்க நேரா அந்தக் கயித்தைப் புடுங்கினாங்க. "மாட்டை மாத்த வேண்டாமுங்க. மாடு கறக்காத நாளெல்லாம் புள்ளை தூங்குச்சு. கறந்து நான் குடிச்சதும் அழுவுது. எந்த மாடா இருந்தாலும் அப்படித்தான் ஆவும். இனி நான் பாலைத் தொட மாட்டேன், தயிரு மோரையும் தொட மாட்டேன். பொங்கல் வரைக்கும் பாருங்க. அப்பறமும் புள்ளை இப்படியே இருந்துச்சுன்னா நீங்க வேப்பெண்ணெய் எடுத்துட்டு வாங்க, நானே மாரைக் காட்டறேன்"னாங்க.

மொதலாளி எடுத்த டப்பாவைக் கையிலயே வெச்சுட்டு நிக்கறாரு. மாமியா உடலை. "பாலே குடிக்காத பொம்பளைக்கு மாருல பாலு எங்கிருந்துடி வரும்?"னு கேட்டாங்க. சரசக்கா மயிலையைக் கையைக் காட்டிச் சொன்னாங்க: "இது என்னுங்க அத்தை, பாலைக் குடிச்சா கறக்குது? சோளத்தட்டுத் தின்னுதானே கறக்குது!"

பொங்கல் கழிஞ்சு

மொதலாளி டப்பாவைத் திரும்ப அலமாரியில வெச்சாரு. அது அப்பறம் எறங்கவே இல்லை. பொங்கல் கழிஞ்ச சந்தைக்கு அண்ணன் வந்தாரு, மருந்து வாங்க இல்லை. புள்ளைக்கு வயிறு செரியாயிருச்சு, கன்னமெல்லாம் பன்னாட்ட உப்பிருச்சு, சரசக்கா கத்திரிக்காய், கடலை, மொச்சைன்னு உட்டதெல்லாம் வட்டி போட்டுத் தின்னுட்டு இருக்கறாங்கன்னு சொல்ல வந்தாரு. சித்தூர் டாக்டரம்மாகிட்டயும் காட்டியிருக்கறாங்க. அந்தம்மா, பாலை இப்படியே தள்ளி வையுங்க, குட்டி வளர வளர ஒத்துக்கும், அப்பக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பாக்கலாம்னு சொல்லிச்சாமா.

அண்ணனோட அம்மாவும் கூட வந்திருந்தாங்க. அன்னிக்குக் கடைக்கு இன்னொரு பொம்பளை, பேரன் அழுவறான்னு கிரைப் வாட்டரு கேட்டு வந்துச்சு. நான் பாட்டலை எடுக்கறதுக்குள்ள இவங்க முந்திக்கிட்டு, "மருமவ பாலு கீலு குடிக்கறாளான்னு மொதல்ல கேளு"ன்னு ஒரு பிரசங்கமே பண்ணிட்டாங்க. மொதலாளி வாயைப் பொளந்துட்டுப் பாத்தாரு. அவரைத் திரும்பிப் பாத்து அந்தம்மா சொன்னாங்க: "எனக்கு அப்பவே தெரியுமுங்க, வாயைத் தொறந்தா மாமியாக் கொடுமைம்பீங்கன்னுதான் சும்மா இருந்தேன்."

அத்தனை வருசம் மருந்து வித்ததுல நான் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதானுங்க: புள்ளை அழுதா நம்மாளு டாக்டரைக் கேப்பான், தரகரைக் கேப்பான், வளையக்காரனைக் கூடக் கேப்பான், பால் குடுக்கறவகிட்ட மட்டும் கட்டுத்தரையில மாட்டையெல்லாம் மாத்தி முடிச்சதுக்கப்பறம்தான் கேப்பான்.