அத்தை கல்யாண வீடியோவின் முதல் காட்சி

ஒரு படம் எப்படி முடிகிறது என்பதில் அப்பாவுக்கு ஒருநாளும் அக்கறை இருந்ததில்லை. எப்படி ஆரம்பிக்கிறது என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். டிவியில் படம் போடுகிறார்கள் என்றால் விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த தன் எலெக்ட்ரிகல் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வருவார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு காலை ஆட்டிக்கொண்டே, பெயர் போட்டு முடிக்கும்வரை பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா படம், சொல்லு?" என்பார். நான் சொல்வேன். சரி என்றால் தலையாட்டிவிட்டு, மீதிப் படத்தை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நாயகனும் நாயகியும் சந்திப்பதற்குள் அப்பா இரண்டு தெரு தாண்டியிருப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துப் பாடங்களைவிட இந்தப் பாடம் எனக்கு நன்றாக ஏறியது. பச்சை வயலை வானத்திலிருந்து காட்டி நாதஸ்வரம் வாசித்தால் குடும்பப் படம். எப்படியும் பாகப்பிரிவினை வரும். முகத்தைக் காட்டாமல் செருப்பிலிருந்து ஆரம்பித்தால் அடிதடி. கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து வந்தால் கொலை. அம்மா சாமிக்கு மணியாட்டும்போது மகன் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினால் சிரிப்புப் படம். அதே மகன் எழுந்து குளித்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டால் இடைவேளைக்குள் அம்மா காலி. இவையெல்லாம் சில்லறை விதிகள். பெரிய விதி ஒன்று இருந்தது.

"மீஜிக்க நம்பாத, அது பொய் சொல்லும். யாரு அசையறாங்க, யாரு அசையலன்னு பாத்துக்கினே இரு" என்பார் அப்பா. "எல்லாரும் அவங்கவங்க வேலையா போய்க்கினு இருக்கும்போது ஒருத்தர் மட்டும் ஆடாம நின்னா, அது பேய்ப் படம்."

இந்த விதி ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்த வருஷம்தான் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, திண்டிவனத்தில் கல்யாணமானது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் எங்களைப் போலவே நிலம் நீச்சு உண்டு. மாமா மட்டும் ஊருக்குள் பைக் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். கல்யாணத்தன்று அப்பா மண்டபம் முழுக்க அலைந்துகொண்டே இருந்தார். பந்தியில் இருக்கிறார் என்று போய்ப் பார்த்தால் வாசலில் இருப்பார்; வாசலில் தேடினால் மாடிப்படியில் இருப்பார். பெண்ணின் அண்ணன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வீடியோ தயாராகிவிட்டது என்று மாமா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்போடு சேர்த்துப் பார்க்கலாம் என்று அழைப்பு. பஸ்ஸில் போகும்போதே என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சீர்வரிசையில் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்தான். என்னை டிவியில் பார்க்கப்போகிறேன். தவிர, பல பேருக்கு முன்னால் அப்பா என்னை "இன்னா படம்?" என்று கேட்பார், நான் சொல்லுவேன், எல்லாரும் அசந்துபோவார்கள் என்ற கணக்கும் ஒன்று இருந்தது. அப்பா ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ரொம்பத் தட்டுகிறார் என்று முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் கூட்டம் சேர்ந்தது. மாமாவின் அம்மா டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அம்மா என்னை மடியோரமாகப் பிடித்து வைத்திருந்தாள். அத்தை உட்காரவே இல்லை. சமையலறைக்குப் போவாள், கதவருகே வந்து நிற்பாள், மறுபடியும் உள்ளே போய்விடுவாள். மாமா பென் டிரைவைச் சொருகினார்.

கல்யாண வீடியோ எப்படி ஆரம்பிக்கும் என்பது ஊருக்கே தெரியும். பிள்ளையார் வருவார். ரோஜாப்பூ சுற்றும். இரண்டு இதயம் எங்கிருந்தோ பறந்துவந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிப்பார்கள்.

இது அப்படி ஆரம்பிக்கவில்லை. பாட்டே இல்லை. ரோட்டு இரைச்சல் மட்டும் கேட்டது. ஜன்னல் கம்பி; அதைப் பிடித்திருக்கும் மருதாணிக் கை; கம்பிக்கு அப்பால், கீழே, மண்டபத்துக்கு எதிரே இருந்த பஸ் ஸ்டாப். கரும்புச்சாறு வண்டிக்காரர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். சைக்கிள்கள் போயின. ஷேர் ஆட்டோ ஒன்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. இத்தனைக்கும் நடுவே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்து அவரை மறைத்தது. பஸ் போனது. அவர் அங்கேயே நின்றார். இன்னொரு பஸ் வந்தது, போனது. அப்போதும் நின்றார். பிறகு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த கை மெல்ல விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா கேட்கும்வரை பொறுக்க முடியாமல் அம்மா பிடியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"பேய்ப் படம்! பஸ் வந்துச்சி, ஏறல பாத்தியாப்பா? அந்தப் பொம்பளதான் பேயி!"

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது. மாமாவின் அம்மா மெதுவாகத் திரும்பினார்.

"கல்யாண வீடியோல இன்னா பேச்சு இது? நல்ல நாளும் அதுவுமா" என்றவர், திரையைக் காட்டி, "ஆமா, யாரு இது? உங்க ஆளுங்களாங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

நான் மதிப்பெண்ணுக்காக அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் கால் ஆடுவது நின்றிருந்தது. கதவருகே அத்தை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கேக்கறன் இல்ல? அவ்ளோ நேரம் காட்டறான். யாருன்னு தெரியாமலா காட்டுவான்?"

அப்போதுதான் மாமா பேசினார். "யாரோ பஸ்ஸுக்கு நிக்கறாங்கம்மா. ரோட்டுல இருந்து ஆரம்பிச்சா சினிமா மாதிரி இருக்கும்னு ஸ்டுடியோக்காரங்கிட்ட நான்தான் சொன்னேன்."

"சினிமா மாதிரியா? ஊரு உலகத்துல ரோஜாப்பூ போடறான், சாமியப் போடறான். இவன் காசு குடுத்து கரும்புஜூஸ் வண்டியப் புடிச்சிக்கினு வந்திருக்கான்! உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் பென் டிரைவு தெருவுல கெடக்கும்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் சிரித்ததும் கூடம் கொஞ்சம் இளகியது. "மாத்திடலாம்மா, மாத்திடச் சொல்றேன்" என்று மாமா வீடியோவை முன்னே ஓட்டினார். பெண் அழைப்பு வந்தது, நாதஸ்வரம் வந்தது, தட்டோடு நான் வந்தேன். என்னை நானே பார்த்து ரசிக்க முடியாதபடி தொடை எரிந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருமுனை டீக்கடையில் கையில் டீயோடு நின்றிருந்தார். குடிக்கவில்லை, ஆடை கட்டியிருந்தது.

"அப்பா, நான் சொன்னது கரெக்ட்டுதான?"

"தப்பும்மா."

"அப்ப அது இன்னா படம்?"

அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு, "தெரியல" என்றார். அந்தக் கேள்விக்கு அவர் அப்படிப் பதில் சொன்னதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எனக்கு ஒரு பெரிய அத்தை உண்டு என்பதே நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. சின்ன அத்தைதான் சொன்னாள். பெரிய அத்தை அப்பாவுக்கு நேர் இளையவர். பாண்டிச்சேரியில் வேலை பார்த்த இடத்தில் வேறு சாதிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். "இனிமே எனக்கு ஒரே தங்கச்சிதான்" என்று அப்பா எங்கள் கண்டாச்சிபுரத்து நிலத்தில், மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த ஆட்கள் முன்னால் சத்தமாகச் சொன்னாராம். சின்ன அத்தையைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் அந்தக் கணக்கையே சொல்லியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே பெரிய அத்தை வந்திருக்கிறார். மண்டபத்துக்குள் வரவில்லை. எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்று தங்கையின் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அலங்காரக்காரம்மா "ஆடாம நில்லும்மா, கொசுவம் கலையுது" என்று அதட்டிக்கொண்டிருக்க, சின்ன அத்தை வீடியோக்காரரைக் கூப்பிட்டு ரோட்டை எடுக்கச் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. ரோட்டில் என்ன இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். கரும்புச்சாறுதான் தெரிந்தது.

கல்யாணம் முடிந்த வாரமே அத்தை எல்லாவற்றையும் மாமாவிடம் சொல்லிவிட்டாள். அவர், "வந்தவங்கள வீடியோல போடாம விடக்கூடாது" என்றாராம். எங்கே போடுவது என்று அத்தை கேட்டதற்கு, "மொதல்ல வந்தவங்கள மொதல்ல போடு" என்றாராம்.

இதெல்லாம் தெரியாத அந்த ஞாயிற்றுக்கிழமையில், நாங்கள் கிளம்பும்போது மாமா பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். பஸ் நகரும் சமயத்தில் பென் டிரைவை எடுத்து ஜன்னல் வழியாக அப்பாவிடம் நீட்டினார்.

"மச்சான், இத நீங்க வெச்சிக்கங்க. நான் அம்மாவுக்கு வேற போட்டுக்கறேன்."

"எனக்கு எதுக்கு?" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது அப்பா வீட்டில் இருந்தார். கடை நேரத்தில் அவர் வீட்டில் இருந்தால் டிவியில் ஏதோ படம் ஆரம்பிக்கிறது என்று பொருள். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது கல்யாண வீடியோ. அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். பையைக் கழற்றாமலே பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் வந்தது, போனது. அந்தப் பெண் தலையைத் தூக்கினார். அப்பா முதலிலிருந்து போட்டார். பஸ் வந்தது, போனது. அப்பா மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

"அப்பா, தள்ளுப்பா. நான் தட்டு எடுத்துக்கினு வர்றதப் போடுப்பா."

"இரும்மா."

படம் அசையாமல் நின்றது. அப்பா எழுந்து திரைக்கு வெகு அருகே போய்க் குனிந்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குத்தான் கண்ணு நல்லா தெரியும். இங்க வந்து பாரு. இடுப்புல இருக்கற கொழந்த பையனா, பொண்ணா?"

போய்ப் பார்த்தேன். அருகே போகப் போக எல்லாம் புள்ளிப் புள்ளியாகக் கலைந்தது. தலை எது, துணி எது என்றே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து போடுவார்.

"பொண்ணுதான்ப்பா. கம்மல் போட்டிருக்குது."

"பொண்ணா?" என்றார். பிறகு, என்னிடம் இல்லை, திரையிடம், "பொண்ணு" என்று சொல்லிக்கொண்டார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும் யாரோ ஒருத்தரின் குழந்தை எதுவாக இருந்தால் இவருக்கு என்ன என்று நினைத்துக்கொண்டு, நான் ரிமோட்டுக்காகக் கையை நீட்டினேன்.