கும்மிடிப்பூண்டியில் தடவிப் பார்த்த பெட்டி

1968 மார்ச் 14, வியாழன், பிற்பகல் 3.20. சுள்ளென்ற வெயில், மேகமே இல்லை. கும்மிடிப்பூண்டி நிலையத்தில் அரிசிக் கடத்தலைத் தேடும் காவலர் என் பெட்டியைத் தட்டுகிறார். ஆந்திரத் தொலைநோக்கியில் விண்மீன் மண்டலங்களைப் படமெடுத்த பதினொரு கண்ணாடித் தகடுகள் உள்ளே இருக்கின்றன, இன்னும் இருட்டறையில் கழுவிப் படமாக்கவில்லை. ஹாலந்துப் பல்கலைக்கழகம் மூன்றாம் முறையாக என்னை அழைத்திருப்பது இவற்றை நம்பித்தான்.

"திறந்தா வெளிச்சம் பட்டு அழிஞ்சிடும் சார். எல்லாம் போட்டோ பிளேட்டு."

"துன்ற பிளேட்டுக்கு இன்னாத்துக்குப் பூட்டு, பெருசு? அரிசிதானே?"

பூட்டைத் திறந்து, என் கம்பளியை இரட்டையாக மடித்துப் பெட்டிமேல் போர்த்துகிறேன். இருட்டறையில் நாங்கள் தடவித்தான் வேலை செய்வோம். அவரையும் அப்படியே கம்பளிக்கடியில் கையை விட்டுப் பார்க்கச் சொல்கிறேன். தடவுகிறார். கண்ணாடி உடையும் சத்தம்.

"அரிசி இல்ல. எடுத்துக்கினு போ."

எனக்கு ஆன செலவு ஒரு தகடு: நான்கு மணி நேரம் பத்து நிமிடம் அதில் சேர்த்த நட்சத்திர வெளிச்சம்.