களத்தில் கழன்ற கடிகாரம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மறதி நோய் வந்த என் வீட்டுக்காரரையும் இப்போது பிள்ளையாகத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

சென்னையில் இருக்கும் பெரியவன் அவர் கையில் ஒரு கடிகாரம் கட்டினான். அவர் எங்கே போனாலும் இவன் போனில் புள்ளியாகத் தெரிவாராம். பெற்ற தகப்பனைப் புள்ளியாகப் பார்ப்பதில் அத்தனை பெருமை!

சாமை அடிக்கிற அன்று அவரையும் களத்துக்குக் கூட்டிப்போனேன். தூற்றிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். பதறிப்போய்ப் பெரியவனைப் போனில் கூப்பிட்டேன்.

"களத்துலதாம்மா கீறாரு. புள்ளி அசையவே இல்ல. நல்லாப் பாரு."

"இன்னாடா பாக்கறது? என் கண்ணு அவிஞ்சா பூடுச்சி?"

களத்து ஓரத்தில் அவர் செருப்பும் அதன்மேல் கடிகாரமும் கிடந்தன. எங்கள் மலையில் களம் சாமி மாதிரி, தோல் படக் கூடாது; செருப்போடு கால் வைக்க மாட்டோம். தோல் வார் என்று கடிகாரத்தையும் கழற்றியிருக்கிறார். என் பெயரை மறந்தவர் இதை மறக்கவில்லை.

தேடிப் போனால், சுவரில்லாத கிணற்று விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் பின்னால் போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன்.

பெரியவனிடம் சொன்னேன். "ரப்பர் வாரு போட்டு வேற அனுப்பறேம்மா" என்றான். அவனுக்கு வார்தான் கவலை!

அந்த வாரை அறுத்தெறிந்துவிட்டு, கடிகாரத்தை அவர் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டேன். அந்தக் கயிற்றை உயிர் இருக்கும்வரை கழற்ற மாட்டார். "புள்ளியப் பாத்தது போதும். தெனம் சாயங்காலம் வீடியோவுல அப்பன் மூஞ்சியப் பாத்துப் பேசுடா" என்றும் சொல்லிவிட்டேன். பேசுகிறான். யார் நீ என்று அவர் கேட்கிறார். கேட்கட்டும்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் என் மகளுடைய மகள். முடித்ததும் அவளிடம் சொன்னேன்: "எங்க, ஒருவாட்டி படி கண்ணு. உங்க மாமனத் திட்டுனதுல ஒண்ணு கொறஞ்சிருந்தாலும் உட மாட்டேன்."